காலி பிக்கப்பும் பனிமலைச் சாலையும்: டயர், செயின் வாங்கிய கதை

போன நவம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மெரிட் என்ற ஊரில் வேலை முடித்துவிட்டு காம்லூப்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலையில் போகும்போது வண்டியின் பின்தொட்டி நிறைய வயர் சுருள்களும் பேனல் பெட்டிகளும் இருந்தன. திரும்பும்போது ஓர் ஏணியும் ஒரு கருவிப் பெட்டியும்தான். கோக்கிஹாலா நெடுஞ்சாலையின் மிக உயரமான இடமான சர்ரே லேக் முகட்டை, 1,444 மீட்டர், தாண்டி இறக்கம் தொடங்கியது. புதுப்பனி இரண்டு விரல் கனத்துக்கு விழுந்திருந்தது. வேகம் 70தான். ஒரு மெல்லிய வளைவில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தேன், பிரேக்கைத் தொடக்கூட இல்லை. பின்பக்கம் மெதுவாக இடதுபுறம் நகரத் தொடங்கியது. சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் வரவேண்டிய தொட்டி எனக்குப் பக்கத்தில் வர முயல்கிறது.

ஸ்டியரிங்கை நழுவும் பக்கமே லேசாகத் திருப்பிப் பிடித்தேன், வண்டி நேரானது. அடுத்த பாதையில் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்க முடியவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் அதே சாலையில் இதே வண்டியில் வருகிறவர்கள்.

அன்று என் டயர்கள் சட்டப்படி சரியானவை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். பக்கச்சுவரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்தோ, மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரையோ இருக்க வேண்டும், டயர் முகத்தில் உள்ள பள்ளத்தின் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. என் டயரில் ‘எம் பிளஸ் எஸ்’ இருந்தது, பள்ளம் 6 மில்லிமீட்டர் இருந்தது. போலீஸ் நிறுத்தியிருந்தால் போகச் சொல்லியிருப்பார்கள்.

அந்த ‘எம் பிளஸ் எஸ்’, சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. எந்தப் பனியிலும் ஓட்டிச் சோதித்த பிறகு தருவதல்ல. மலையும் பனிச்செதிலும் சேர்ந்த முத்திரை 1999-இல் வந்தது. அதற்கு ஒரு சோதனை உண்டு: அழுந்திய பனியில், ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடி காட்ட வேண்டும். ஆனால் அதுவும் வேகமெடுக்கும்போது உள்ள பிடியை அளப்பதுதான். பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், கண்ணாடி போன்ற ஐஸில் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்வதில்லை. நான் நழுவியது வேகமெடுக்கும்போது அல்ல. அதனால் முத்திரையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. ‘ஃபோர் வீல் இருக்கிறதே’ என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறேன். நான்கு சக்கர இழுவை வண்டியைப் புறப்பட வைக்கும், ஏற்றத்தில் ஏற்றிவிடும். நிறுத்துவதில் அதற்கு வேலையே இல்லை. எந்த வண்டியும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது. சின்ன காருக்கும் எனக்கும் அதில் வித்தியாசம் இல்லை, என் எடைதான் அதிகம். சொல்லப்போனால் ஃபோர் வீல் ஆபத்தான ஒரு நம்பிக்கையைத் தருகிறது: சாலை எவ்வளவு வழுக்குகிறது என்று புறப்படும்போதே தெரியாமல் மறைத்துவிடுகிறது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பஞ்சாபி. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலைகளில் லாரி ஓட்டுகிறார். இந்தப் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை ‘பாஜி’, அதாவது அண்ணா, என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், இவரும் எனக்கு பாஜிதான். நடந்ததைச் சொன்னேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை. தொட்டியைப் பார்த்து, “எடை எங்கே, தம்பி?” என்று கேட்டார்.

காலி பிக்கப்பில் இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்னால். பின்சக்கரங்களின் மேல் வெறும் தகரத் தொட்டிதான். மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது பங்கு முன்னும் நாற்பது பங்கு பின்னும் நிற்கிறது. எண்ணெய் இல்லாத தோசைக்கல் மாதிரி முன்பக்கம் ஒட்டிக்கொள்ள, பின்பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் முதல் செலவு டயருக்கு அல்ல, மணலுக்கு. இங்கே குளிர்காலத்தில் நீளமான பைகளில் மணல் விற்பார்கள், பை 30 கிலோ. நான்கு பை வாங்கினேன். பின் அச்சுக்கு நேர் மேலே, சக்கரப் புடைப்புகள் இரண்டுக்கும் நடுவில் இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டையால் ஒரு சட்டம் அடித்து, அதற்குள் அடுக்கிப் பட்டை போட்டு இறுக்கினேன். தொட்டியின் கடைசியில், கதவை ஒட்டிப் போடக் கூடாது. அச்சுக்குப் பின்னால் எடை வைத்தால் ஏற்றமரம் போல முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பிடி குறையும். கட்டாமலும் போடக் கூடாது. இரவில் ஈர மணல் உறைந்து கல்லாகிவிடும். மோதல் நேர்ந்தால் 30 கிலோ கல் கேபின் கண்ணாடியை நோக்கி வரும்.

சரி, டயர்.

மூன்று வகை முன்னால் இருந்தன. பனிச்செதில் முத்திரையுள்ள ஆல்-டெர்ரெய்ன் (எல்லாத் தரைக்குமான டயர்), குளிர்காலத்துக்கென்றே செய்த டயர், அதிலேயே ஆணி அடித்தது. ஆல்-டெர்ரெய்னை வருடம் முழுக்க ஓட்டலாம், மாற்றும் வேலை மிச்சம். பலர் அதைத்தான் போடுகிறார்கள், ஆழப் பனியிலும் கப்பி ரோட்டிலும் நன்றாகவே போகும். ஆனால் அதன் ரப்பர் ஜூலை மாத வெயிலையும் தாங்க வேண்டும். கோடைக்கும் தாங்கும் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக இறுகுகிறது.

இதைக் கடையில் போய் விரலால் தெரிந்துகொண்டேன். மைனஸ் 12 டிகிரி. என் பழைய டயரின் முகத்தில் உள்ள ரப்பர் கட்டத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், மரத்தில் அழுத்தியது போல் இருந்தது. அதே வாசலில், அதே குளிரில், வெளியே அடுக்கியிருந்த குளிர்கால டயரில் அழுத்தினேன். நகம் உள்ளே போய், எடுத்ததும் மெதுவாகத் தடம் மறைந்தது. அந்தக் கட்டத்தை இரண்டு விரலால் பக்கவாட்டில் வளைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வழவழப்பாகத் தெரிந்த பரப்பு முழுவதும் மயிரிழைக் கீறல்கள், வளைவு வளைவாக. ‘சைப்’ என்கிறார்கள். ஒவ்வொரு கீறலும் திறக்கும்போது ஒரு சின்ன விளிம்பு, அந்த விளிம்புதான் ஐஸைச் சுரண்டிப் பிடிக்கிறது. கீறலுக்குள் பனி போய் அடைத்துக்கொள்வதும் நல்லதுக்குத்தான். பனி ரப்பரைவிடப் பனியோடு நன்றாக ஒட்டும். பள்ளங்கள் சுத்தமாக இருப்பது சேற்றுக்கு நல்லது, பனிக்கு அல்ல.

ஆணி டயரை யோசித்தேன். இங்கே அதற்கும் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி உண்டு. ஈர ஐஸில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் என் ஓட்டம் பெரும்பாலும் உப்புப் போட்டுச் சுரண்டிய நெடுஞ்சாலை, பாதி நாள் வெறும் தார். தாரில் ஆணி இரைச்சலும் போடும், பிடியையும் கொஞ்சம் குறைக்கும். கிராமப்புறத்தில் தினமும் ஐஸ் ரோட்டில் ஓட்டுபவர் என்றால் ஆணிதான் வாங்கச் சொல்வேன். எனக்கு ஆணி இல்லாத குளிர்கால டயர் போதும் என்று முடிவானது.

அப்புறம் அளவு. வண்டியில் இருந்தது 275/65ஆர்18. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். பனிக்கு அகலம் எதிரி. அகன்ற டயர் பனியின் மேல் மிதக்கும், குறுகியது அறுத்துக்கொண்டு கீழே உள்ள தரையைத் தேடும். அதனால் 265/70ஆர்17 எடுத்தேன். விட்டத்தைக் கணக்குப் போட்டேன்: பழையது 815 மில்லிமீட்டர், புதியது 803. வித்தியாசம் ஒன்றரை சதவீதம், ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 17 அங்குல ரிம் பிரேக் காலிப்பரில் உரசாதா என்பதைக் கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். சாதாரணக் கறுப்பு இரும்பு ரிம்கள்தான். சாலை உப்பும், பனியில் பிடிக்க டயரைச் சுற்றிக் கட்டும் செயினும் அடிக்கப்போகும் ரிம்முக்கு அலுமினியப் பளபளப்பு வேண்டியதில்லை.

பாரம் தாங்கும் திறனைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ‘பிக்கப் என்றால் பத்து பிளை, லோட் ரேஞ்ச் ஈ’ என்று அதிகப் பாரம் தாங்கும் தடித்த டயரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. அது கனமான டிரெய்லர் இழுப்பவருக்கும் ‘முக்கால் டன்’ என்னும் பெரிய வகைப் பிக்கப்புக்கும். என்னுடையது அதைவிடச் சிறிய ‘அரை டன்’ வகை, பாதி நாள் காலியாக ஓடுவது. ஈ டயரின் தடித்த பக்கச்சுவர் காலி வண்டியில் வளையவே வளையாது, தரையில் படும் பரப்பு சுருங்கி வண்டி துள்ளும். என் கணக்கு இதுதான்: சாதாரண 265/70ஆர்17 டயரின் பாரக் குறியீடு 115, அதாவது 1,215 கிலோ. கார் வகை டயரைப் பிக்கப்பில் போட்டால் அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும், 1,104 வரும். பின்னால் இரண்டுக்கு 2,208. கதவோரத்து ஸ்டிக்கரில் பின் அச்சின் உச்ச வரம்பு 1,837 கிலோ. போதும், மிச்சமும் இருக்கிறது. உங்கள் வண்டியின் ஸ்டிக்கரை நீங்களே பாருங்கள், என் எண் உங்களுக்கு உதவாது.

முதலில் போன கடையில் காட்டிய டயர்களின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். செய்து ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. மென்மைக்காகவே காசு கொடுத்து வாங்கும் ரப்பர் இறுகத் தொடங்கிய பிறகு வாங்குவானேன் என்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் அந்த வருடத்துச் சரக்கே கிடைத்தது. நான்கும் ஒரே மாதிரி. இரண்டு மட்டும் பின்னால் போட்டால் போதாதா என்று என் மனைவி கேட்டாள், செலவை நினைத்து. முன்பக்கம் நழுவினால் வளைவில் நேராகப் போய்விடும், பின்பக்கம் நழுவினால் சுற்றிவிடும், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டேன். நான்கும் வாங்கு என்றாள்.

நானே மாட்டினேன். நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 150 அடி-பவுண்ட் வைத்து முடித்தேன், அது என் வண்டியின் கையேட்டு எண். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்த்தபோது ஆறில் இரண்டு நட்டு கால் திருப்பு ஏறின. இரும்பு ரிம் புதிதாக மாட்டினால் இப்படி உட்காரும், இந்த இரண்டாவது பார்வையைத் தள்ளிப்போடவே கூடாது. காற்றழுத்தமும் அப்படித்தான். ஏறத்தாழ 5.6 டிகிரி குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரியில் இருக்கும் காரேஜில் 36 அடித்தால், மைனஸ் 20-இல் வெளியே நிற்கும்போது 29 காட்டும். அதனால் இரவு முழுக்க வெளியே நின்ற டயரில், காலையில், ஓட்டுவதற்கு முன் பார்க்கிறேன்.

இனி செயின். கோக்கிஹாலாவில் என் போன்ற பிக்கப்புக்குச் செயின் கட்டாயம் இல்லை, அது 11,794 கிலோவுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளுக்கு. எனக்குத் தேவைப்பட்டது லோகன் லேக் என்ற ஊர்ப் பக்கம் உள்ள ‘கேபின்’ எனப்படும் சிறு வீடுகளுக்குப் போகும் பக்கவழிகளுக்கு. பனி தள்ளும் வண்டி வராத, செங்குத்தான ஒற்றைப் பாதைகள். அங்கே எந்த டயரும் ஓர் எல்லை வரைதான்.

டயரைச் சங்கிலியால் சுற்றும் யோசனை பழையது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது சேற்றில் மாட்டாமல் இருக்கக் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றிக்கொள்வார்களாம், அதைப் பார்த்து வந்த யோசனை. அடிப்படை இன்றும் மாறவில்லை. மாறியது இடம். இன்றைய வண்டியில் டயருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. இதுதான் செயின் வாங்குவதில் முதல் கேள்வி, டயர் அளவு அடுத்ததுதான்.

கையேட்டைத் திறந்தேன். 18 அங்குல டயரோடு செயின் போடக் கூடாது, 17 அங்குலத்தோடு ‘கிளாஸ் எஸ்’ வகை மட்டும், பின்சக்கரங்களில் மட்டும் என்று இருந்தது. குறுகிய டயர் எடுத்தது இங்கேயும் கைகொடுத்தது. ‘கிளாஸ் எஸ்’ என்றால் டயரின் முகத்துக்கு மேலே 37 மில்லிமீட்டரும், பக்கச்சுவரில் 15 மில்லிமீட்டரும் இடம் இருந்தால் போதும் என்ற மெல்லிய வகை. கையேடு சொன்னதைக் கண்ணாலும் பார்க்க நினைத்து அடியில் படுத்தேன். பின்டயரின் உள்பக்கத்துக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே என் மூன்று விரல்கள் தாராளமாகப் போயின. முன்டயரில், சக்கரத்தைத் தாங்கும் மேல் மூட்டான ‘பால் ஜாயிண்ட்’ பக்கம் ஒரு விரல்தான், அதுவும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுகூட இல்லை. பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் சக்கர சென்சாரின் ஒயரும். ஒரு கண்ணி அறுந்து சுழன்றால் முதலில் போவது அந்த ஹோஸ்தான். முன்னால் போடும் எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

பின்னால் மட்டும் செயின் இருந்தால் ஏற்றத்தில் நன்றாகத் தள்ளும், ஆனால் திருப்புவது வெறும் டயர்தான். இறக்கத்தில் நடை வேகம், கீழ் கியர், வளைவுக்கு முன்பே வேகம் குறைத்தல். இதற்கு மாற்று இல்லை.

வகையில், ஏணிப்படி போல் குறுக்கே மட்டும் ஓடும் ஏணிச் செயினை முதலில் ஒதுக்கினேன். குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே வெறும் ரப்பர் தரையில் படும் நொடிகள் உண்டு, பக்கவாட்டில் நழுவும்போது பிடிக்க எதுவும் இல்லை. கேபிள் வகை மெல்லியது, மாட்ட எளிது, ஐஸில் கடிக்காது. வைரக்கட்டம் போல் பின்னிய, சதுரக் கண்ணி உள்ள செயினை வாங்கினேன். எந்த நொடியிலும் ஏதோ ஒரு கண்ணி தரையில் இருக்கும், சதுரத்தின் விளிம்பு ஐஸைக் கடிக்கும். விலை ஏணிச் செயினைப் போல இரண்டு மடங்கு. அதை இன்றுவரை நினைத்து வருத்தப்படவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, மைனஸ் 9. வீட்டு வாசலிலேயே பழகிப் பார்த்தேன். பழைய யோகா பாயை விரித்து முட்டி போட்டு, ரப்பர் பூசிய கையுறையோடு. செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுத்து, டயரின் மேல் சால்வை போலப் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான். முதல் முறை மாட்டி நிமிர்ந்தபோது பாஜி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது?”

டயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. “கழற்று. வாய் வெளியே பார்க்கணும். இல்லைன்னா நூறு கிலோமீட்டர்ல பக்கச்சுவரை அறுத்துடும்.” பிறகு அவரே குனிந்து, வெளிப்பக்கக் கண்ணிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இழுத்துத் தொய்வை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதைக் காட்டினார். தொய்வு சேர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும், அதுவரை இறுக்குவது வீண். இரண்டு சக்கரத்துக்கும் முதல் முறை 41 நிமிடம் ஆனது. மூன்றாம் முறை 14.

ஜனவரியில் லோகன் லேக் பக்கம் ஒரு கேபினுக்கு ஹீட்டர் வேலை. ஏற்றம் தொடங்குவதற்கு முன், சமதளத்திலேயே நிறுத்தி மாட்டினேன். இதுவரை எல்லாம் சரி. மாட்டிய பிறகு நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும் என்பது தெரியும். அன்று காற்று முகத்தில் ஊசியாய்க் குத்தியது, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பின்னால் தக் தக் என்று அடி. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கச் செயினில் ஒரு கண்ணி அளவு தொய்வு, அந்தத் தொங்கல் ஒவ்வொரு சுற்றிலும் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையை அடித்து உள்ளங்கை அகலத்துக்கு உடைத்திருந்தது. நின்ற இடம் சரிவு. அங்கேயே மணல் பையில் ஒன்றைக் கிழித்து முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொட்டி, கட்டை வைத்து, இறுக்கினேன். அதன் பிறகு மேலே கேபின் வரை ஒரு முறைகூட வழுக்கவில்லை. இறக்கத்திலும் கடைசி வரை 20-க்கு மேல் விடவில்லை, தாருக்கு வந்ததும் கழற்றினேன். செயினோடு 50-க்கு மேல் எப்போதும் கூடாது, வெறும் தாரில் ஓட்டினால் செயினும் தேயும் டயரும் தேயும்.

வீட்டுக்கு வந்ததும் செயினை வெந்நீரில் அலசினேன். சாலையில் தெளிக்கும் உப்புக் கரைசல் ஒரே வாரத்தில் கண்ணிகளைப் பழுப்பாக்கிவிடும். காரேஜில் தொங்கவிட்டுக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, முறுக்கில்லாமல் வாளியில் போட்டு வைத்தேன். வாளியிலேயே கையுறை, பாய், தலைவிளக்கு, ஓர் உதிரிக் கொக்கி.

சர்ரே லேக் இறக்கத்தில் பிறகு எத்தனையோ முறை வந்துவிட்டேன், பிப்ரவரியில் ஒரு நாள் அதே வளைவில் அதே மாதிரிப் பனியில். வேகம் 60. பின்பக்கம் என் பின்னாலேயே வந்தது.

மே முதல் வாரம் டயர்களைக் கழற்றினேன். பள்ளம் புதிதில் 10 மில்லிமீட்டர், கழற்றும்போது முன்னால் 9, பின்னால் 8.5. சட்டம் 3.5 வரை விடும், நான் 5-இல் மாற்றிவிடுவேன். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் எந்தச் சக்கரம் என்று எழுதி, வெயில் படாத மூலையில் அடுக்கியிருக்கிறேன். அக்டோபரில் பின்னால் இருந்தவை முன்னால் போகும். உடைந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் மாற்றவில்லை, அதற்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.